தாரா எண்டொரு பேர்

"...பேரோ பிள்ளை உது? பேரெண்டால் கூப்பிடேக்கை வாய் நிறைய வேணும். படலையிலை நிண்டு கூப்பிட்டால் கிணத்தடியிலை நிக்கிற பிள்ளைக்குக் கேக்க வேணும். உது? தாரா! வாயைத் திறக்க முன்னம் முடிஞ்சு போச்சுது. கொட்டாவி விட்டாலும் உதைவிடக் கொஞ்சம் நீளமாயிருக்கும். இரு, இரு, இந்தப் பக்கம் தள்ளி இரு, பிள்ளைக்கு வெயில் படப்போகுது. ஆ... என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், தாரா!"

குணலட்சுமி இன்னும் சரியாக இருக்கக்கூட இல்லை. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு நிறை பார்த்துவிட்டு, மீசாலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வந்து, தரிப்பிடத்து மரவாங்கில் பாதி உடம்பைத்தான் வைத்திருந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்த மனிசி கதையின் நடுவிலிருந்தே தொடங்கிவிட்டா. முன்பின் கண்டறியாத மனிசி. ஐம்பதுக்கு இந்தப் பக்கம்தான் வயது இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, பக்கத்தில் ஒரு குடை, மடியில் ஒரு துணிப்பை, பையின் மேல் இரண்டு கையும். வாய்தான் குணலட்சுமியோடு கதைத்தது. கண் றோட்டுக்கு அந்தப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

குணலட்சுமி கதைகாரி இல்லை. பஸ்ஸில் தன் இடம் வந்தால் 'இறக்கம்' என்று சொல்ல வெட்கப்பட்டு, வேறு ஆரும் இறங்குகிற இடம் வரைக்கும் போய், அங்கேயிருந்து திரும்பி நடந்து வருகிறவள். ஆனபடியால் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த மனிசிக்கு அது காணும்.

"ஆற்றை பிள்ளை எண்டு கேக்கிறாய் என்ன? என்ரை தம்பியின்ரை. மார்க்கண்டு. நாங்கள் சண்டிலிப்பாய். என்ரை பேர் அருமைநாயகி. பாத்தியே, உது பேர்! சொல்லி முடிக்கிறதுக்கிடையிலை ஒருக்கால் மூச்சு எடுக்க வேணும். ஆனால் ஊரிலை ஒருத்தரும் முழுக்கச் சொல்லாயினம், அருமை எண்டுதான் கூப்பிடுறவை, அது வேறை கதை. தம்பி இஞ்சை கலியாணம் முடிச்சு வந்திட்டான். வந்தது பிழையெண்டு சொல்லேல்லை. எங்கடை பக்கத்திலை வீடு வளவைப் பெட்டைக்குத்தானே எழுதிறது, மாப்பிளை பெண்சாதி வீட்டை போறதுதானே வழக்கம். உந்தா தெரியுது, நீலப் படலை. பக்கத்திலை முருங்கை நிக்குது. உந்த வீடுதான். பாக்காதை, பாக்காதை! நாங்கள் பாக்கிறமெண்டு தெரியப்படாது.

"கன வருசமாப் பிள்ளையில்லை அவைக்கு. போகாத கோயிலில்லை. அந்தப் பெட்டை பத்மாசினி இருக்காத விரதமில்லை. பிறகு ஒருமாதிரி, ஒரு பொம்பிளைப் பிள்ளை. எனக்கும் வயித்திலை ஒண்டும் தங்கேல்லை. தம்பியைவிட வேறை கூடப்பிறந்ததும் இல்லை. உள்ளதே ஒரு மருமோள். அந்த மருமோளுக்குத்தான் தாரா!

"நீ சொல்லன் பாப்பம், தாரா எண்டால் என்ன? ...ஆ! சிரிக்கிறாய். எனக்குத் தெரியும் நீ சிரிப்பாய் எண்டு. ஆரெண்டாலும் சிரிப்பினம். தாரா எண்டால் குளத்திலை நீந்திற வாத்து. பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடக்கிறது. எங்கடை பக்கத்து வளவிலை ஏரம்பர் நாலு வளக்கிறார். விடியக்காத்தாலை அதுகள் போடுற சத்தத்திலை மனிசர் படுத்தெழும்பேலாது. நாளைக்கு உந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். பெடியள் விடுவாங்களே? 'தாரா முட்டை போட்டிட்டாள்' எண்டு, சோதினையிலை ஒரு முட்டை வாங்கினாலும் காணும், சீவியத்துக்கும் சொல்லுவாங்கள்.

"நட்சத்திரம் பூரட்டாதி. தா-விலை வரவேணுமாம். ஓம், ஒத்துக்கொள்ளுறன். தா-விலை வேறை பேரில்லையே? தாட்சாயணி! என்ன குறை? தாரகேஸ்வரி! கூப்பிட்டால் கோயில் மணி அடிச்ச மாதிரி இருக்கும். தாமரைச்செல்வி! சரி, அது கொஞ்சம் இயக்கப் பேர் மாதிரிக் கிடக்கு, விடு. ஆனால் தாரா?"

குணலட்சுமியின் பிள்ளை சிணுங்கியது. அவள் தோளில் போட்டுத் தட்டினாள். அருமைநாயகி அந்தச் சிணுங்கலையும் தனக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டா.

"அதுதானே! இந்தப் பச்சைப் பிள்ளைக்கே விளங்குது. எங்கடை மனிசனுக்கு விளங்கேல்லை. எங்கடை மனிசன், ஆழ்வாப்பிள்ளை, காலியிலை சுருட்டுக்கடை வைச்சிருந்தவர். எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை உடுத்த வேட்டியோடை வந்து சேந்தார். கடை போச்சு, சாமான் போச்சு, சிங்களம் மட்டும் மிச்சம். இப்ப சண்டிலிப்பாயிலை ஆரோடை அதைக் கதைக்கிறது? ஆட்டோடை கதைக்கிறார். மெய்யாத்தான் பிள்ளை, குழை போடேக்கை ஆட்டோடை சிங்களத்திலை கதைக்கிறார். அதுகும் தலையை ஆட்டுது.

"அவரைக் கேட்டன். 'இஞ்சாருங்கோ, சிங்களத்திலையாவது தாராவுக்கு ஒரு நல்ல கருத்துக் கிடக்கோ?' எண்டு. மனிசன் சுருட்டைப் பத்தி, புகையை விட்டு, மேலை பாத்து, கீழை பாத்துச் சொல்லுது, 'அங்கையும் தாராவா எண்டுதான் சொல்லுறவங்கள். நீந்திறதுதான்.' 'வேறை ஒண்டுமில்லையே?' எண்டன். 'கடைசியைக் கொஞ்சம் குறுக்கிச் சொன்னால் றோட்டுக்கு ஊத்திற தார்' எண்டார். ஒண்டில் தாராவாம், இல்லாட்டில் தாராம். அடுப்படியிலை கிடந்த அகப்பையைத் தூக்கினன். மனிசன் ஆட்டடிக்குப் போட்டுது.

"மேலை சத்தம் ஏதும் கேக்குதே? ...இல்லை, இல்லை, அது மற்றப் பக்கம் போற பஸ், மண்ணெண்ணையிலை ஓடுது. இப்ப எல்லாம் எந்தச் சத்தம் குண்டு போடுற பொம்மர், எந்தச் சத்தம் பஸ் எண்டு தெரியிறேல்லை.

"பிறகு கோயில் ஐயரிட்டைப் போனன். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு, 'ஆகா! சமஸ்கிருதத்திலை தாரா எண்டால் நட்சத்திரம் அம்மா' எண்டார். எனக்கு வயித்திலை பாலை வாத்த மாதிரி இருந்துது. அதோடை அந்த மனிசன் வாயை மூடியிருக்கலாமெல்லோ? விபூதியைத் தாற நேரம் சொல்லுறார், 'வாலியின்ரை பெண்சாதிக்கும் அந்தப் பேர்தான். தாரை. வாலி செத்தாப்பிறகு சுக்கிரீவன் வைச்சிருந்தவன்.' சரி, அது குரங்குகளின்ரை குடும்ப விசயம், நாங்கள் தலையிடத் தேவையில்லை எண்டு விட்டன். 'தேவகுருவின்ரை பெண்சாதியும் தாரைதான்' எண்டார். அப்பாடா, குருவின்ரை பெண்சாதி, மரியாதையான இடம் எண்டு நினைச்சன். 'அவ சந்திரனோடை போட்டா' எண்டார்! ஆர் அந்தச் சந்திரன்? குருவிட்டைப் படிக்க வந்தவனாம்! ரியூசனுக்கு வந்த பெடியனோடை, பிள்ளை! நல்லூர்ப் பக்கம் பார், விடிஞ்சால் பொழுதுபட்டால் சைக்கிளிலை ரியூசன் ரியூசன் எண்டு எத்தினை பெடியள் போறாங்கள். எல்லா மாஸ்ரர்மாற்றை வீட்டிலையும் பெண்சாதிமார் இருக்கினம். ஒரு பிரச்சினை உண்டோ? தேவலோகத்திலைதான் உந்தக் கூத்து.

"ஆனால் நட்சத்திரம் எண்டது மெய்தான். இந்தியன் ஆமி நிண்ட காலத்திலை, மானிப்பாய் றோட்டிலை சென்றிக் காவலுக்கு ஒரு சீக்கியன் நிண்டவன். ஒருநாள் பொழுதுபடேக்கை நானும் மனிசனும் நடந்து வாறம். அவன் வானத்தைக் காட்டித் 'தாரா, தாரா' எண்டான். சிரிச்ச முகம். ஊர் ஞாபகம் வந்திட்டுதோ என்னவோ. எங்கடை மனிசன் அண்ணாந்து பாத்தது, பாத்தது, கழுத்து நோகப் பாத்தது. 'ஒரு தாராவையும் காணேல்லையே, எல்லாம் பறந்து போட்டுதுகள்' எண்டு சிங்களத்திலை அவனுக்குச் சொல்லுது! அவனுக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. எனக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் வெள்ளி ஒண்டு பூத்துக் கிடந்துது. அது எனக்குத் தெரிஞ்சுது. அந்த ஒரு நேரந்தான் அந்தச் சொல்லு நல்லாயிருந்துது.

"கேள், இன்னும் முடியேல்லை. மனிசன்ரை தங்கச்சியின்ரை பெடியன் அருட்பிரகாசம் ஜேர்மனியிலை. சாமான் அடுக்கிற பெரிய கொட்டிலிலை வேலை. அவனுக்கு எழுதிக் கேட்டன், 'தம்பி, நீ இருக்கிற இடத்திலை தாராவுக்கு என்ன கருத்து?' மறுமொழி கொழும்புக்கு வந்து, கப்பலேறி, எங்கையெங்கையோ கிடந்து இப்பதான் வந்து சேந்தது. 'மாமி, அந்தச் சொல்லை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்' எண்டு எழுதியிருக்கிறான். எனக்குச் சந்தோசம். எங்கை பாக்கிறானாம்? பெட்டியளிலை! வெறும் பெட்டியின்ரை பாரத்துக்கு அங்கை தாரா எண்டு பேராம். வெறும் பெட்டி, பிள்ளை! உள்ளுக்கை ஒண்டுமில்லாத பெட்டி!

"நான் நம்பேல்லை. காங்கேசன்துறையிலை கப்பல் சாமானைத் தராசிலை நிறுத்த வின்சன்ற் அண்ணை இப்ப எங்கடை ஊரிலை இடம்பெயந்து இருக்கிறார். அவரைக் கேட்டன். 'ஓம் தங்கச்சி, சாக்கின்ரை நிறையைக் கழிக்கிறதுக்கு வெள்ளைக்காரனும் அப்பிடித்தான் கிட்டமுட்டச் சொல்லுவான். போத்துக்கீசனும் சொன்னவன், ஒல்லாந்தனும் சொன்னவன். எல்லாருக்கும் முதல் அரபுக்காரர் சொன்னது. அவையின்ரை பாஷையிலை எறிஞ்சு விடுற சாமான் எண்டு கருத்து' எண்டார். அரபுக்காரன் எறிஞ்சதை ஆராரோ பொறுக்கி, கப்பலிலை ஏத்தி, உலகம் முழுக்கச் சுத்தி, கடைசியிலை என்ரை மருமோளின்ரை தலையிலையே இறக்க வேணும்?

"வின்சன்ற் அண்ணை சொல்லுறார், உதுகள் ஒண்டுக்கொண்டு சொந்தமில்லையாம். குளத்துத் தாரா வேறை, வானத்துத் தாரா வேறை, பெட்டித் தாரா வேறையாம். முகம்தான் ஒண்டு. திருவிழாவிலை முன்பின் தெரியாத மூண்டு பேர் ஒரே சீலையைக் கட்டிக்கொண்டு வந்து நிண்ட மாதிரி. விளங்குதே? எனக்கும் விளங்கேல்லை. ஆனால் மூண்டு பேரும் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரிக் கிடந்துது."

அருமைநாயகி முதல்முறையாக றோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் குணலட்சுமியின் பிள்ளையைப் பார்த்தா. பார்த்தபடி பைக்குள் கையை விட்டா.

"எத்தினை மாசம்? ஏழோ, எட்டோ? சரி, கிட்டத்தட்ட அந்தளவுதான். ஒருக்கால் பிள்ளையை இப்பிடித் தா. கிள்ளமாட்டன், தா. இந்தச் சட்டை, நான் கையாலை தைச்சது, ஒருக்கால் போட்டுப் பாப்பம். பிறந்து முப்பத்தொண்டாம் நாளுக்கெண்டு தைச்சது. பிறகு பிள்ளை வளந்திருக்குமெண்டு அக்குளிலை தையலைப் பிரிச்சு விட்டன். பிறகும் வளந்திருக்குமெண்டு கீழை ஒரு துண்டு போட்டன். இப்ப எங்கை விடுறது, எங்கை போடுறதெண்டு தெரியேல்லை. கையைத் தூக்கு ராசா, மற்றக் கையை... ஐயோ, தலை போகுதில்லை!"

சட்டை பாதித் தலையில் நிற்க, பஸ் வந்தது. குணலட்சுமி எழும்பினாள். பிள்ளையின் முகம் சட்டைக்குள் இருந்தது, பிள்ளை அருமைநாயகியின் கைக்குள் இருந்தது. 'என்ரை பிள்ளையைத் தாங்கோ, பஸ் போகப்போகுது' என்று சொல்லக் குணலட்சுமிக்கு வாய் வரவில்லை. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது.

"போனால் போகட்டும். ஆக்கள் மிதிபலகையிலை தொங்கிக்கொண்டு போறாங்கள், அதிலை பச்சைப் பிள்ளையோடை எப்பிடிப் போறது? அடுத்தது வரும். இந்தா, உன்ரை பிள்ளை. சட்டை காணாது. கழுத்தை வெட்ட வேணும்... என்ன பாக்கிறாய்? பிள்ளை ஆரை மாதிரியெண்டு கேக்கிறியோ? நிறமோ? மூக்கோ?

"நான் இன்னும் பாக்கேல்லைப் பிள்ளை."

குணலட்சுமி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"பின்னை! முப்பத்தொண்டுக்குச் சொல்லாத வீட்டுக்கு எப்பிடிப் போறது? துடக்குக் கழிவு, பேர் வைக்கிற நாள், மாமிதான் முதல் ஆள். மாமி மடியிலை வைச்சுத்தான் பிள்ளையின்ரை காதுக்கை பேர் சொல்ல வேணும். அப்பிடிப்பட்ட எனக்குச் சொல்லேல்லை. ...சரி, சொன்னவை. சொல்லேல்லை எண்டில்லை. எப்பிடிச் சொன்னவை? சங்கானைச் சந்தையிலை எங்கடை மனிசனைக் கண்டிட்டுத் தம்பி, 'அத்தான், அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டு சொல்லிவிட்டானாம். வெங்காயம் வாங்கிற இடத்திலை, வெங்காயத்தோடை சேத்துக் கட்டிவிட்ட அழைப்பு! வீட்டை வந்து, படலையைத் திறந்து, கதிரையிலை இருந்து, தேத்தண்ணி குடிச்சு, 'அக்கா வாங்கோ' எண்டு சொல்ல வேண்டாமே? தகப்பன்ரை கூடப்பிறந்தவளுக்கு உதுதானே மரியாதை?

"...சரி, வந்தவன். வரேல்லை எண்டில்லை. எங்கடை மனிசன் போய் ஏதோ சொல்லியிருக்குது, அடுத்தநாளே சைக்கிளிலை வந்திட்டான். சாவகச்சேரியிலையிருந்து சண்டிலிப்பாய் மட்டும், வேர்த்து ஒழுகிக்கொண்டு. வேலிக்குள்ளாலை கண்டிட்டன். கண்டவுடனை ஓடிப்போய்க் கதவைத் திறக்க எனக்கென்ன விசரே? ஒருக்கால் கூப்பிட்டவுடனை இளகினால் பிறகு ஆரும் மதிக்காயினம். அறைக்கை போய்க் கதவைச் சாத்திப்போட்டு, மனிசனிட்டைச் சொன்னன், 'நான் இல்லையெண்டு சொல்லுங்கோ.' மனிசன் போய்ச் சொல்லுது, 'தம்பி, அக்கா உள்ளுக்கை இல்லையாம்.' இல்லையாம்! காலியிலை எப்பிடித்தான் கடை நடத்தினாரோ!

"அவனை ஏமாத்தேலுமே? நேரை வந்து அறைக்கதவடியிலை நிண்டான். 'அக்கா, பூரட்டாதி, தா வருது' எண்டான். நான் மூச்சுக்காட்டேல்லை. 'அக்கா, நீங்கள் மாமி. நீங்கள் சொல்லுறதுதான் பேர். வராட்டிலும் காரியமில்லை, பேரையாவது சொல்லிவிடுங்கோ' எண்டான். குரல் ஒருமாதிரிக் கிடந்துது. எனக்கு உள்ளுக்கை நிண்டு அழுகை வந்திட்டுது. அழுகை வந்ததெண்டவுடனை கோவம் வந்திட்டுது. ஏரம்பற்றை சனியனுகள் வேலியடியிலை நிண்டு கத்துதுகள். நான்... கதவுக்கு இஞ்சாலை நிண்டு..."

அருமைநாயகி நிறுத்தினா. இவ்வளவு நேரத்தில் அந்த வாய் தானாக நின்றது இதுதான் முதல். மடியிலிருந்த சட்டையை நாலாக மடித்தா.

"'தாரா எண்டு வை, கோழி எண்டு வை, எனக்கென்ன!' எண்டு கத்தினன்.

"அவன் 'சரியக்கா' எண்டான். 'கோழியிலும் பாக்கத் தாரா நல்லாயிருக்கு, தா-வும் வருது' எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டான்!

"நான் என்ன கண்டன், பிள்ளை? உவன் பகிடி விடுறான், இன்னொருக்கால் வருவான், அப்ப நான் கதவைத் திறந்து நல்ல பேராச் சொல்லுவமெண்டு இருந்தன். தாட்சாயணி எண்டு மனதுக்கை எடுத்து வைச்சுக்கொண்டு வாசலைப் பாத்தபடி இருந்தன். முப்பத்தொண்டண்டு அங்கை மத்தியானம் வரைக்கும் என்னைப் பாத்துக்கொண்டிருந்தவையாம். பிறகு மாமி சொல்லிவிட்ட பேரெண்டு அதையே பிள்ளையின்ரை காதுக்கை சொல்லிப்போட்டினமாம். ஆரும் முகத்தைச் சுழிச்சால், 'மாமியின்ரை வாயாலை வந்த பேர், மாத்தப்படாது' எண்டு பத்மாசினி சொல்லுறாளாம். மாமியின்ரை வாயாம்! நெருப்பை வைக்கோணும் உந்த வாய்க்கு!

"அதுதான் ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சனான். சிங்களத்திலை இல்லாட்டில் சமஸ்கிருதத்திலை, இல்லாட்டில் ஜேர்மனியிலை, எங்கையாவது ஒரு மூலையிலை அது நல்ல சொல்லாய் இருந்திட்டால், 'நான் அதை நினைச்சுத்தான் வைச்சனான்' எண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்கை போயிருப்பன். நட்சத்திரம் நல்லதுதானே எண்டு கேக்கிறியோ? நல்லதுதான். ஆனால் நான் சொன்ன நேரம் வானத்தையே நினைச்சனான்? வேலியடியிலை நிண்டதுகளைத்தானே நினைச்சனான். சொல்லுறவள் என்ன நினைச்சுச் சொல்லுறாளோ அதெல்லே பிள்ளையோடை ஒட்டும்?

"நாளைக்குப் பல்லுக்கொழுக்கட்டையாம். பல்லு வந்திட்டுதாம் பெட்டைக்கு. கொழுக்கட்டை அவிச்சுத் தலையிலை கொட்டப்போகினம். சந்தையிலை ஆரோ கதைச்சதைக் கேட்டன். இந்தமுறை வெங்காயத்தோடையும் ஒருத்தரும் சொல்லிவிடேல்லை. சொல்லுவினமே? கதவைச் சாத்தினவளுக்கு ஆர் வந்து சொல்லுவினம்? போன கிழமையும் வந்தனான். இதிலை இருந்து, படலையைப் பாத்திட்டு, அடுத்த பஸ்ஸிலை ஏறிப் போட்டன். கொடியிலை பிள்ளையின்ரை துணி காயுது, அதைத்தான் பாத்தது. ஆரும் ஒராள் வெளியாலை வந்து, 'ஏன் இதிலை இருக்கிறியள், வாங்கோ' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால்... இல்லை, இல்லை, நானாப் போகமாட்டன். கூப்பிடாத வீட்டுக்குப் போன பரம்பரை இல்லை நாங்கள். அதுகும் எந்த முகத்தோடை... பிள்ளை? எங்கை எழும்பிறாய்? பஸ் இன்னும் வரேல்லை. பிள்ளை! அங்காலை இல்லை, பஸ் இஞ்சாலையெல்லோ வரும்! கேக்குதில்லையோ? பார், அரைவாசிக் கதையிலை எழும்பிப் போகுது. இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு ஒரு மரியாதை..."

குணலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் பின்னும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்து, நீலப் படலையடியில் போய் நின்றாள்.

நின்றாளே தவிர வாய் திறக்கவில்லை. அறியாத வீட்டுப் படலையில் நின்று அவள் ஒருநாளும் ஆரையும் கூப்பிட்டதில்லை. உள்ளே உரலில் உலக்கை விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் அந்த வாங்கு. அந்த வாங்கில் அந்த மனிசி. அந்த மனிசியின் மடியில் தலை போகாத சட்டை.

"வீட்டுக்காரர்!" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "வீட்டுக்காரர்!"

உலக்கை நின்றது. முழங்கை வரை மாவோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது. பிள்ளையின் மூக்கிலும் மா.

"உங்கடை மச்சாள் பஸ் தரிப்பிலை இருக்கிறா," என்று குணலட்சுமி ஒரே மூச்சில் சொன்னாள். "நீங்கள் வந்து கூப்பிட வேணும்."

பத்மாசினி 'நீங்கள் ஆர்' என்று கேட்கவில்லை. 'என்ன' என்றும் கேட்கவில்லை. செருப்பைத் தேடவுமில்லை. படலையைத் திறந்துவிட்டு, சுட்ட தாரில் வெறுங்காலோடு ஓடினாள்.

அருமைநாயகி கண்டுவிட்டா. கண்டதும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பஸ் வராத பக்கமாகத் திரும்பிப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"மச்சாள்!"

குடை அசையவில்லை.

"மச்சாள், உதென்ன றோட்டுக்கரையிலை இருக்கிறியள்? வாங்கோ வீட்டை."

"நான் சந்தைக்கு வந்தனான்," என்றது குடை.

"சண்டிலிப்பாயிலையிருந்து சாவகச்சேரிச் சந்தைக்கோ?"

"இஞ்சை கத்தரிக்காய் மலிவு."

"சரி, கத்தரிக்காய் பிறகு வாங்கலாம். ஐயோ மச்சாள், இவர் விடியவே வெளிக்கிட்டு அங்கைதானே வந்தவர்! நாளைக்குப் பல்லுக்கொழுக்கட்டை, அக்காவுக்கு நேரை போய்ச் சொல்லோணும், அக்கா வராமல் கொழுக்கட்டை கொட்டுறேல்லை எண்டு சைக்கிளிலை போனவர். நீங்கள் காணேல்லையே?"

குடை மெல்லக் கீழே இறங்கியது. அருமைநாயகியின் முகம் வெளியே வந்தது. கண் அகன்றிருந்தது.

"இப்பவோ? இப்ப எங்கடை வீட்டிலையோ நிக்கிறான்?"

"இவ்வளவுக்கும் போய்ச் சேந்திருப்பார்."

"ஐயையோ! மனிசன் 'அக்கா இல்லை' எண்டு சொல்லப்போகுது. உவன் நம்பமாட்டானே! இல்லாத என்னைப் பாத்து அறைக்கதவடியிலை நிண்டு கெஞ்சப்போறானே, பத்மாசினி! மனிசன் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டான், அந்த மனிசன்ரை முகம் அப்பிடி!"

பத்மாசினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுடைய இடுப்பிலிருந்த பிள்ளைக்கும் அது தொற்றியது. வாயைத் திறந்து சிரித்தது. கீழ்முரசில் அரிசிமணி போல ஒரு பல்.

அருமைநாயகி அந்தப் பல்லைப் பார்த்தா. கையை நீட்டி, பிறகு கையைத் தானே பார்த்து, சீலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடியும் நீட்டினா.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ மச்சாள், வருவாள். நீங்கள் வைச்ச பேருக்குத்தான் திரும்புறாள், வேறை என்ன சொல்லிக் கொஞ்சினாலும் பாக்கிறாளில்லை."

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது, குணலட்சுமியின் குரலைவிடச் சின்னதாக.

"தாரா..."

பிள்ளை பாய்ந்து வந்து, அருமைநாயகியின் மூக்குத்தியில் கையை வைத்து இழுத்தது.

"ஆ! விடு, விடடி! பத்மாசினி, நகம் வெட்டுறேல்லையே பிள்ளைக்கு? பூனைக்கு இருக்கிற மாதிரி இருக்கு. மூக்கெல்லாம் மா. வெயிலுக்கை வெறுந்தலையோடை கொண்டு வந்திருக்கிறாய், ஒரு துணி போடத் தெரியாதே? தாய்க்கு அறிவு வேண்டாமே? பிடி, குடையைப் பிடி. எனக்கில்லை, பிள்ளைக்குப் பிடி! காலிலை செருப்பில்லாமல் நிக்கிறாய், கொதிக்குதில்லையோ? நட, நட. கொழுக்கட்டைக்குப் பயறு வறுத்திட்டியோ? உனக்குப் பதம் தெரியாது, நான் வந்து பாக்கிறன்..."

கதைத்தபடியே றோட்டைக் கடந்தா. பிள்ளையைப் பத்மாசினியிடம் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அவவிடம் இருந்ததாகத் தெரியவில்லை. படலையடியில் குணலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அருமைநாயகி நின்று, ஏற இறங்கப் பார்த்து, பத்மாசினியின் பக்கம் திரும்பினா.

"உந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு. பாவம், எனக்காகப் பஸ்ஸையும் விட்டிட்டு நிக்குது. ஆனால் ஒண்டு சொல்லுறன் கேள் பத்மாசினி, ஆளோடை கவனம்," என்று குரலைத் தாழ்த்தினா. தாழ்த்திய குரல் முருங்கைவரை கேட்டது. "சரியான வாய்காரி. என்ரை வீட்டு விசயம் எல்லாத்தையும் வந்து உன்னட்டைச் சொல்லிப்போட்டுதே!"